மின் ரம்பம் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழிமுறை

நவராத்திரிக்குக் கொலுப்படி, பிள்ளைகளுக்குப் படிப்பு மேசை, சாமி மாடம், காலணி அடுக்கு என்று சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள்ளேயே மரவேலை செய்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். வட்ட ரம்பமும், மெல்லிய அலகு மேலும் கீழும் ஓடி வெட்டும் ஜிக்சாவும் இணையத்தில் வாங்கினால் இரண்டொரு நாளில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. கற்றுக்கொடுக்க ஆசாரி யாரும் உடன் வருவதில்லை. அந்தக் குறையை ஓரளவாவது தீர்க்க இதை எழுதுகிறேன்.

ரம்பம் கையைப் பதம் பார்ப்பதற்கு முன்னால் பெரும்பாலும் ஏதாவது ஒரு வகையில் முறையிட்டிருக்கும். ஓசை மாறும், கருகல் வாடை வரும், கைப்பிடி நடுங்கும், தள்ளத் தள்ள நகர மறுக்கும். அந்த நேரத்தில் "இன்னும் நான்கு விரல்கடைதானே" என்று அழுத்தித் தள்ளுவதுதான் வினையாகிறது. ஆகவே கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் முதல் வேலை ஒன்றே: விசையை விடுங்கள், வட்டு முழுவதும் நிற்கும்வரை ரம்பத்தை அசைக்காதீர்கள், பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். பேட்டரி ரம்பமானால் பேட்டரியைக் கழற்றுங்கள். சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்விசிறி என்று நினைத்து வீட்டில் யாராவது அதைத் தட்டிவிடக்கூடும். உருவிய பிளக் உங்கள் கண்ணில் படும்படி மேசைமேல் கிடக்கட்டும். பிறகு காரணத்தைத் தேடலாம்.

விசையை அழுத்தினாலும் ஓடவில்லை

பெரும்பாலும் சின்னக் காரணம்தான். வட்ட ரம்பங்களில் தவறுதலாக ஓடிவிடாமல் இருக்க ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டே விசையை இழுக்க வேண்டும். அதுவும் சரியென்றால் பிளக்கிற்குள் இருக்கும் ஃபியூஸ். நம் மூன்றுமுனைப் பிளக்கில் ஃபியூஸ் உள்ளேயே இருக்கிறது. அதைத் திறந்து அதே அளவுள்ள ஒன்றை மாற்றிப் பாருங்கள். புதிய ஃபியூஸும் உடனே போனால் மூன்றாவதைப் போட வேண்டாம். கோளாறு ரம்பத்தில் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரம்பமானால் பிளக்கைச் செருகுவதற்கு முன்பே உடலில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். இங்கே மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்க ரம்பம் 120 வோல்ட்டுக்கும் ஜப்பானிய ரம்பம் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. பயண அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தைக் குறைக்காது. செருகி விசையை இழுத்தால் மோட்டார் வெறிகொண்டு சுழன்று கருகிவிடும்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: விசையை விட்ட பிறகும் ரம்பம் நிற்காமல் ஓடுவது, அல்லது விசை உள்ளேயே ஒட்டிக்கொள்வது. இதற்கு வீட்டில் மருந்து இல்லை. பிளக்கை உருவிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஒட்டும் விசையோடு ஒரு வெட்டுகூடப் போடக்கூடாது.

ரம்பத்தைப் போட்டவுடன் வீட்டில் மின்சாரம் போய்விடுகிறது

மின்பெட்டியைத் திறந்து எந்த விசை கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு சுற்றின் சிறிய விசை விழுந்திருந்தால் சுமை அதிகம் என்று பொருள் கொள்ளலாம். 1,300 வாட் ரம்பம் ஓடும்போது ஆறு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே இழுக்கும்; ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு கேட்கும். அதே சுற்றில் நீர்ச்சூடாக்கும் கெண்டியோ இஸ்திரிப் பெட்டியோ ஓடிக்கொண்டிருந்தால் விசை தாங்காது. அவற்றை நிறுத்திவிட்டு, ரம்பத்தை நேரடியாகச் சுவரில் செருகிப் பாருங்கள். நீட்டிப்புக் கம்பி தேவைப்பட்டால் பாதுகாப்பு முத்திரை உள்ள, 13 ஆம்பியர் தாங்கும் கம்பியாக வாங்குங்கள். உருளையில் சுற்றிய வகையானால் பாதியை மட்டும் இழுத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். சுற்றுக்குள் சூடு அடைபட்டு மேலுறை இளகிவிடும். முழு நீளத்தையும் வெளியே இழுத்து, வெட்டும் பாதைக்குப் பின்னால் கிடக்கவிடுங்கள்.

ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்திருந்தால் கதை வேறு. மின்சாரம் போகக்கூடாத வழியில் கசிகிறது. அந்த வழி உங்கள் கையாகவும் இருக்கலாம். வீடுகளில் உள்ள துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும்படி அமைந்தது. மேலே தூக்கிவிட்டு மறுபடி முயற்சி செய்வது, உயிரைக் காத்த காவலாளியை அடித்து விரட்டுவதாகும். அதே செருகுவாயில் வேறொரு சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக ஓடினால் குற்றவாளி ரம்பம்தான்: கம்பியின் உறை கிழிந்திருக்கும், அல்லது மழைச்சாரல் படும் இடத்தில் வைத்து உள்ளே ஈரம் ஏறியிருக்கும். வேறு சாதனத்துக்கும் விழுந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் இந்தத் துண்டிப்பான் இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் பொருத்தப்பட வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் கட்டாயமாக்கியது. பழைய வீட்டில் இருப்பவர்கள் மின்பெட்டியைத் திறந்து சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அது விழ வேண்டும். விழாத வீட்டில் ரம்பத்தைச் செருகவே கூடாது.

வட்டு மரத்தில் சிக்குகிறது, ரம்பம் பின்னால் எகிறுகிறது

இந்த அறிகுறிக்காக வந்தவர்கள் நிதானமாகப் படியுங்கள். வட்ட ரம்ப விபத்துகளில் மிகக் கொடியவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

185 மில்லிமீட்டர் வட்டு நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழலும்போது அதன் பல் மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மரத்துக்குள் இருக்கும் பற்கள் மரத்தை முன்னால் தள்ளிக்கொண்டே வெட்டுகின்றன. வெட்டுவாய் திடீரென்று மூடி வட்டைக் கவ்விக்கொண்டால், மரம் முன்னால் போக முடியாது. அந்த வேகம் முழுவதும் ரம்பத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. வெட்டிலிருந்து மேலே ஏறி, ஓடுகிற வட்டோடு உங்களை நோக்கிப் பாயும். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. கை வலுவால் இதைத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெட்டுவாய் ஏன் மூடுகிறது? பத்தில் எட்டு முறை, பலகையைத் தாங்கிய விதம் சரியில்லை. வழக்கமாக என்ன செய்கிறோம்? பிளைவுட் பலகையை இரண்டு நாற்காலிகளுக்குப் பாலம்போல் வைத்து நடுவில் வெட்டுகிறோம். வெட்டு முன்னேற முன்னேற நடுப்பகுதி வலுவிழந்து கீழே தொய்கிறது. கீழே தொய்ந்தால் வெட்டின் மேல்வாய் நெருங்கும். கொலுப்படிக்கு நீளப் பலகை அறுக்கிறவர்கள் பலருக்கும் கடைசி அரைமுழத்தில் ரம்பம் முனகுவதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு எளிது. தரையில் நான்கு சட்டங்களைக் கிடத்துங்கள். வெட்டுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. பலகையை அதன்மேல் வையுங்கள். வெட்டி முடித்தாலும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும். தடித்த நுரைப்பலகை ஒன்றை அடியில் முழுவதும் விரித்து வெட்டுவது அதைவிட நல்லது. வட்டு அதில் சில மில்லிமீட்டர் இறங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது. சிறிய துண்டை வெட்டுவதானால் பெரிய பகுதியைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிவிட்டு, கழிவுத் துண்டு தானாகக் கீழே விழும்படி விடுங்கள். கழிவுத் துண்டை யாரையும் கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். உதவி செய்ய நினைத்து அவர்கள் சற்றே தூக்கினாலும் வெட்டுவாய் மூடிவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஆழம். பலகையின் அடியில் வட்டு ஐந்தாறு மில்லிமீட்டர் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். அதற்கு மேல் இறக்கினால் மரம் கவ்வுவதற்குக் கூடுதல் இரும்பைக் கொடுக்கிறீர்கள். அடியில் கை பட்டாலும் காயம் ஆழமாகிறது.

நீள வெட்டில், வெட்டிய பகுதி ஓரடி தாண்டியதும் நிறுத்தி, வட்டு அடங்கிய பிறகு வெட்டுவாயில் ஓர் ஆப்பைச் செருகுங்கள். பழைய ஆசாரிகள் கைரம்பத்திலேயே இதைச் செய்தார்கள். மீண்டும் தொடங்கும்போது வட்டின் பல் மரத்தைத் தொடாதபடி ரம்பத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, முழு வேகம் வந்த பின்னரே முன்னே தள்ளுங்கள். பல் மரத்தில் பதிந்த நிலையில் விசையை இழுத்தால் முதல் சுற்றிலேயே எகிறும். ஓடும் வட்டை வெட்டுக்குள் பின்னோக்கி இழுப்பதும், கோடு விலகிவிட்டது என்று திருகித் திருப்புவதும் அதே விளைவைத் தரும்.

மின்தூக்கி அருகே யாரோ விட்டுச்சென்ற பழைய அலமாரிப் பலகையை எடுத்து வந்து வெட்டுகிறீர்களா? இந்த ஊர் ஈரப்பதத்தில் கிடந்த மரம் உள்ளுக்குள் முறுக்கேறியிருக்கும். அறுக்க அறுக்க வெட்டுவாய் தானே மூடும். அதில் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். முறுக்கிய பலகையை வட்ட ரம்பத்தில் வெட்டுவதைவிட விட்டுவிடுவது மேல் என்பது என் கருத்து.

நிற்கும் இடமும் முக்கியம். வட்டின் நேர்கோட்டில் உடலை வைக்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி, இரு கைகளாலும் பிடித்து நில்லுங்கள். வேட்டி, துப்பட்டா, தொளதொளத்த சட்டைக்கை எதுவும் வேண்டாம். கையில் கட்டிய கோயில் கயிற்றைக் கழற்ற மனம் வராவிட்டால், இறுகிய முழுக்கைச் சட்டைக்குள் அது முழுவதும் மறையட்டும். கையுறையும் கூடாது, சுழலும் பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கீழ்க்காப்பு மூடி திரும்பி வருவதில்லை

பிளக் உருவியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மூடியின் நெம்பைப் பிடித்து முழுவதும் பின்னால் இழுத்து, விட்டுவிடுங்கள். 'டக்'கென்று ஒரே மூச்சில் வட்டை மூட வேண்டும். பாதி வழியில் தயங்கினாலோ, ரம்பத்தைச் சாய்த்தால் மட்டும் மூடினாலோ கோளாறு இருக்கிறது. மூடி சுழலும் அச்சைச் சுற்றி மரத்தூளும் பிசினும் படிந்து இறுகியிருக்கும். வட்டைக் கழற்றி, காய்ந்த தூரிகையால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் விடாதீர்கள், தூள் இன்னும் அதிகமாக ஒட்டும். சுத்தம் செய்த பிறகும் தயங்கினால் வில் தளர்ந்திருக்கிறது அல்லது மூடி வளைந்திருக்கிறது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வெட்டுக்கோடு தெரியவில்லை என்று மூடியைத் தூக்கி மரச்சில்லு ஒன்றைச் செருகி நிறுத்தி வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வெட்டி முடித்து ரம்பத்தைப் பக்கத்தில் இறக்கும் அந்தக் கணத்தில் வட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கீழே உங்கள் தொடை இருக்கிறது, தரையில் மின்கம்பி இருக்கிறது, பார்க்க வந்த பிள்ளையின் கால் இருக்கலாம். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் நான் எந்தச் சாக்குக்காகவும் ஏற்கமாட்டேன்.

புகை வருகிறது, வெட்டிய விளிம்பு கருகியிருக்கிறது

முதலில் வாடையைப் பிரித்தறியுங்கள். மரம் கருகும் வாடையா, வார்னிஷும் பிளாஸ்டிக்கும் எரிவதுபோன்ற காட்டமான வாடையா? இரண்டாவது மோட்டாரிலிருந்து வருகிறது. காற்றுத் துளைகளில் தூள் அடைத்திருக்கலாம், அளவுக்கு மீறி அழுத்தியிருக்கலாம். ஆறவிட்டு, துளைகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, சுமையில்லாமல் ஓட்டிப் பாருங்கள். வாடை தொடர்ந்தால் பழுதுபார்க்கக் கொடுங்கள்.

மரம் கருகினால் வட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் சாம்பல் நிறத்தில் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளின் துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பில் வெளிச்சம் கோடாக மின்னினால் முனை மழுங்கிவிட்டது. கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பாது. பல்லின் பக்கவாட்டில் காப்பிக் கறைபோல் படிந்திருப்பது பிசின். வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊறவைத்து நைலான் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். உடனே துடைத்துக் காயவைக்காவிட்டால் இந்த ஊரில் மறுநாளே துரு பூக்கும். ஒரு பல்லின் கார்பைடு உடைந்திருந்தால் வட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தரையில் கிடக்கும் தூளும் பேசும். கூரான வட்டு பலகை மரத்திலிருந்து மணிமணியாகத் தூவும். மழுங்கியது மாவாக அரைக்கும்.

புதிய வட்டிலேயே கருகுகிறதென்றால் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வட்டில் உள்ள அம்புக்குறியும் ரம்பத்தின் மூடியில் உள்ள அம்புக்குறியும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். பல் எண்ணிக்கையும் காரணமாகலாம்: 24 பல் வட்டு மரத்தை நீளவாக்கில் விரைவாகப் பிளக்கும், 40 முதல் 60 பல் வட்டு பிளைவுட்டை மழமழப்பாக அறுக்கும். அறுபது பல்லை வைத்துத் தடித்த, கடினமான செங்கால் மரத்தை நீளவாக்கில் அறுத்தால் கருகாமல் என்ன செய்யும்? வட்டு வாங்கும்போது நடுத்துளையின் விட்டம் பொருந்துகிறதா, வட்டில் பொறித்துள்ள உச்ச சுற்று வேகம் ரம்பத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளுக்குப் பழைய வட்டையே எடுத்துச் சென்று காட்டினால் குழப்பமே இல்லை.

ஜிக்சா சாய்வாக வெட்டுகிறது, மேற்பரப்பில் சிலாம்பு எழும்புகிறது

சாய்வுக்குக் காரணம் அழுத்தம். மெல்லிய அலகு தடித்த மரத்துக்குள் வளைந்து அடியில் வேறு வழி போகிறது. புதிய, அகலமான அலகு போட்டு மெதுவாக விடுங்கள். நேர்வெட்டுக்குக் கைக்கணக்கை நம்பாமல் நேரான சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு அதையொட்டித் தள்ளுங்கள்.

சிலாம்பைப் பொறுத்தவரை, கைவட்ட ரம்பமும் சாதாரண ஜிக்சா அலகும் கீழிருந்து மேலே வெட்டுபவை. அதனால் பலகையின் அழகான முகத்தைக் கீழே திருப்பி வையுங்கள். லேமினேட் ஒட்டிய பலகையில் கோட்டின்மேல் காகித நாடா ஒட்டி, கத்தியால் ஒருமுறை கீறிவிட்டு வெட்டலாம். தெறிக்கும் லேமினேட் சில்லு கண்ணாடித் துண்டுபோல் கூர்மையானது. பார்வைக்கண்ணாடி போட்டிருந்தாலும் அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

மோட்டாருக்குள் தீப்பொறி தெரிகிறது

துளை வழியே சிறு நீலப்பொறிகள் தெரிவது கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ள மோட்டாருக்கு இயல்பு. ஆரஞ்சு நிறத்தில் வளையமாகச் சுற்றி எரிந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. பல ரம்பங்களில் பக்கவாட்டு மூடியைத் திருகித் திறந்து நாமே மாற்றலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றிய பிறகும் வளையம் தெரிந்தால் மோட்டாரின் உட்பகுதி பழுது.

இருமல், கண்ணெரிச்சல், அண்டை வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள்

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே சேர்த்துவிட்டது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் தூளோடு ஃபார்மால்டிஹைடு பசையும் சேர்ந்து வரும். என்95 முகக்கவசம் அணியுங்கள். ரம்பத்தின் தூள்வாயில் தூசு உறிஞ்சியை இணையுங்கள். சன்னலோரம் மின்விசிறியை வெளிநோக்கித் திருப்புங்கள். பூசை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் தொடங்கும் முன்பே குளிரவைத்துவிடுங்கள். மெல்லிய தூள் காற்றில் மிதக்கும்போது தீப்பற்றக்கூடியது.

1990களுக்கு முந்தைய கட்டடத்தில் பழைய சிமெண்ட் தகடு எதையாவது கழற்ற நேர்ந்தால் அதில் ரம்பம் வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்த வேலை அதற்கென்று தேர்ச்சி பெற்றவர்களுடையது.

தூள் வீட்டுக்குள் வருகிறது என்று பொது நடைபாதைக்கு ரம்பத்தைக் கொண்டுபோவதை என்னால் ஆதரிக்க முடியாது. அது எல்லோரும் தப்பிச் செல்லும் வழி. பிள்ளைகள் மிதிவண்டியில் வரும் வழியும்கூட. நேரத்தையும் பாருங்கள். வீவக வீடுகளில் புதுப்பிப்பு வேலைக்குத் திங்கள் முதல் சனி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரைதான் அனுமதி. பேரிரைச்சல் வேலைகளுக்கு வார நாட்களில் மட்டுமே அனுமதி, சனிக்கிழமை கிடையாது; அவையும் மாலை 5 மணியோடு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் எந்த வேலைக்கும் அனுமதி கிடையாது. சிறு வேலைதானே என்றாலும் அந்த நேரத்துக்குள்ளேயே வெட்டுங்கள். வட்ட ரம்பத்தின் ஓசை 100 டெசிபலைத் தொடும். உங்கள் காதுக்கும் காப்பு வேண்டும். எட்டுக்கு நான்கு அடிப் பலகையை வாங்கும் கடையிலேயே அளவு கொடுத்து நறுக்கி வாங்கிவிட்டால் வீட்டில் வெட்டும் வேலை பாதியாகக் குறையும். அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிடச் சிறந்த யோசனை எனக்குத் தெரியாது.

கையில் இரத்தம்

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து இறுக அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள், 995ஐ அழையுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுத்து, ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப்புகாமல் மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது. உறைந்த திசுவைத் தைக்க முடியாமல் போகும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் காயமடைந்தவருக்கு உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் தெளிவாகச் சொல்லுங்கள்; வீட்டில் இன்னொருவர் இருந்தால் கீழ்த்தளத்துக்குப் போய், மருத்துவ உதவியாளர்கள் வரும்வரை மின்தூக்கியைப் பிடித்து வைத்திருக்கட்டும்.